நீ அடைத்துவைத்த ரோடு

மக்கா, நீ பெட்டி கட்டுகிறாய் என்று மீனு வந்து சொன்னாள். ஓமானில் ஏதோ கம்பெனி, மண்ணும் கிடையாது ரோடும் கிடையாது, அறைக்குள் உட்கார்ந்து பிளான் பார்க்கிற ஜோலி என்றாள். இதை நீயே என்னிடம் சொல்லியிருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை வந்தாய், கஞ்சி குடித்தாய், கிணற்று மோட்டாருக்கு ஃபியூஸ் மாற்றிக் கொடுத்தாய், என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாய். வாய் வரவில்லை போல. எனக்கும் அன்றைக்கு வரவில்லை. நேரில் பேச்செடுத்தால் நீ எழுந்து போவாய், நான் அழுவேன், காரியம் நடக்காது. அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாம் கிளாஸ் வரை படித்தவளின் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். நீ படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம், தமிழ் உனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், அதனால் பெரிசு பெரிசாக எழுதியிருக்கிறேன். மெதுவாகப் படி. மீனுவிடமே கொடுத்தனுப்புகிறேன். என் பேத்திக்குக் கணக்கு வரும், இங்கிலீஷ் வரும், மேடையில் ஏறிப் பேச வரும், தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. ஊரெல்லாம் அவளைப் பற்றிப் பெருமை பேசுகிறவள் நான், இந்த ஒன்றுக்கு மட்டும் அவளைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று.

உன் அப்பா போனபிறகு ஒரு நாளாவது நீ ரோடு வழியாக வீட்டுக்கு வந்தாயா? ஜங்ஷனில் காரை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வயல் வரம்பு வழியே வருகிறாய். அடுக்களை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாதி வரம்பு வந்ததும் ஒரு இடத்தில் நிற்கிறாய். பிறகு கீழே பார்த்தபடியே வருகிறாய். வந்ததும் கால் கழுவுகிறேன் என்று வெகுநேரம் கிணற்றடியில் நிற்கிறாய். நான் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் மீனு கேட்டுவிட்டாள். "ஆச்சி, அந்த ரோடு தாத்தாவைத் தின்னுட்டுன்னு அப்பா சொல்லுது. ரோடு எப்படி ஆளைத் தின்னும்?" என்று கேட்டாள். போய்ப் படி என்று விரட்டிவிட்டேன். அவளுக்குச் சொல்லாத பதிலைத்தான் உனக்கு எழுதுகிறேன். அப்பாவைக் கொன்றவன் என்ற நினைப்பையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு நீ விமானம் ஏறுவதை நான் பொறுக்க மாட்டேன்.

உன் கல்யாணத்தன்று நடந்தது உனக்கு மறந்திருக்காது. நாகர்கோவிலில் தாலி கட்டி முடித்து, பெண்ணும் மாப்பிள்ளையும் வெள்ளாயணி வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. முந்தின நாள் மழை. ஜங்ஷனில் இருந்து நம் வீட்டுக்கு உள்ள ரோடு, ரோடு என்றா சொல்ல முடியும், வயலைத் தூர்த்து நிகத்தின களிமண். பூமாலை கட்டின கார் பாதியில் சேற்றில் பொதிந்துபோயிற்று. நீ பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் இருந்து தள்ளினாய், சக்கரம் சுழன்று உன் முகமெல்லாம் சேறு. உன் பெண்டாட்டி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகைமேல் நடந்து வந்தாள். ஒரு கால் கொலுசு அந்தச் சேற்றில் போனதுதான், பிறகு கிடைக்கவே இல்லை. அப்போது அவள் தாய்மாமன் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "மாப்பிள்ளைக்கு ரோடு போடுகதுதான் உத்தியோகம்னு சொன்னாவ. சொந்த வீட்டுக்கு எப்பம் போடுவாராம்?" கூட்டம் சிரித்தது. உன் அப்பாதான் அதிகம் சிரித்தார். உன் காது சிவந்துபோனதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

உன் அப்பாவின் குணம் உனக்குத் தெரியும் என்று நீ நினைக்கிறாய். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பொன்முடி பஸ்ஸை அத்தனை வருஷம் ஓட்டினவர். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு மழைக்காலம், கல்லாறு தாண்டி மேலே ஒரு வளைவில் மண் சரிந்திருக்கிறது. ரோடு வேலைக்காரர்கள் குறுக்கே கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டிருக்கிறார்கள். பஸ் நிறைய எஸ்டேட் ஆட்கள், அரிசி மூட்டை, கைப்பிள்ளை, ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் பலகாரக் கூடையோடு. எல்லாரும் கெஞ்சியிருக்கிறார்கள். "டிரைவர் சாரே, பதுக்கெப் போயா மதி" என்று ஒரு கிழவர் காலைப் பிடிக்க வந்தாராம். மெதுவாகப் போனால் போதும் என்று. உன் அப்பா இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார். அத்தனை பேரும் மழையில் நடந்தே மலை ஏறினார்கள், அவர் தலைமுறையையே திட்டிக்கொண்டு. அந்த ரோடு அன்றைக்கும் இடியவில்லை, அடுத்த நாளும் இடியவில்லை. நான் சும்மா இருக்காமல், "இடியலியே, வீணா அத்தனை பேரையும் நடக்க விட்டீங்களே" என்றேன். "இடியலைன்னு நீ இப்பம் சொல்லுகே. அப்பம் எனக்கு யாரு சொன்னா? துணியைக் கெட்டினவனுக்கு என்னைவிடத் தெரியும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. ரோட்டை அடைத்தவன் சொல்லுக்கு மேலே அவருக்கு வேறு சொல் கிடையாது. ரோட்டை அடைத்தவன் சொந்த மகனாகவும் இருந்துவிட்டால் பிறகு கேட்கவா வேண்டும்?

நம் ரோட்டுக்குச் சுண்ணாம்பு போடப் போகிறேன் என்று நீ வந்து சொன்ன நாள் அவர் சாப்பிட்ட கையைக் கழுவவே இல்லை. காய்ந்த கையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் செம்மண்ணையும் ஜல்லியையும் கொட்டுகிறார்கள், கர்க்கடக மாதத்து மழை வந்தால் களி அதையெல்லாம் விழுங்கிவிடுகிறது, அதனால் மேலே கொட்டிப் பிரயோஜனம் இல்லை, அடியில் இருக்கிற களியையே மாற்ற வேண்டும் என்று நீ சொன்னாய். களிமண் தண்ணீர் குடித்தால் வீங்கும், வெயிலில் சுருங்கி வெடிக்கும், சுட்ட சுண்ணாம்பைக் கலந்து உருட்டினால் அந்தக் குணம் போய்விடும், பொடிப்பொடியாகி ஒன்றோடொன்று பிடித்து நாளாக நாளாக இறுகும் என்றாய். நம் பக்கத்து மண்ணுக்குப் போட்டுப் பார்த்ததில்லை, கண்ட்ராக்டரைச் சம்மதிக்க வைக்க நாக்கு வறண்டுபோயிற்று என்றும் சொன்னாய். உன் அப்பா மறுநாள் ஜங்ஷன் சாயாக்கடையில் இதை அப்படியே ஒப்பித்திருக்கிறார். நம் வீட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தங்கப்பனுக்கு வெற்றிலை முறுக்கான் போடாமல் பேச்சு வராது, அவர் விடுவாரா? "சுண்ணாம்பு வந்தாச்சு, செரி. ரோட்டுக்கு வெத்தலையும் பாக்கும் எப்பம் வரும் அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறார். "வரும்டே. உன் வாய் மாதிரி ரோடும் சிவந்துபோவாம இருந்தாப் போதும்" என்று இவர் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சுண்ணாம்பு இறக்கின நாள் முதல் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. காற்று இல்லாத விடிகாலையில்தான் பரப்ப வேண்டும், தூசி பறந்தால் கண்ணைக் கெடுத்துவிடும் என்று வேலைக்காரர்கள் எல்லாருக்கும் நீ கண்ணாடி கொடுத்தாய். தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். சாப்பிடும்போதும் கழற்றவில்லை, கண் முழித்த தவளை மாதிரி உட்கார்ந்து புளிசேரியைப் பிசைந்தார். டிராக்டர் களியைக் கிண்டிப் புரட்டியது, தண்ணீர் தெளித்ததும் ரோடு முழுக்க இட்லிக் கொப்பரை திறந்தாற்போல் ஆவி எழும்பியது. மறுநாள் இரண்டாம் தடவை கிண்டினபோது ஒரு பிடி மண்ணை அடுக்களைவரை கொண்டுவந்து என் முன்னால் கையை விரித்தார். "பாருட்டி, புட்டு மாவுப் பதம். நம்ம மகன் களியைப் புட்டு மாவாக்கியிருக்கான்." செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே கிடந்த அந்தக் களி அவர் விரல் இடுக்கில் உதிர்ந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுப்படியில் மண்ணைக் கொட்டாதீங்க என்றுதான் சொன்னேன்.

ரோலர் ஓட்டி முடித்த அன்றைக்கு நம் வீட்டில்தான் சாப்பிட்டாய். ஒரு வாரம் ஈரம் காயக்கூடாது, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும், அதுவரை வண்டி ஏறக்கூடாது என்றாய். நம் கிணற்றில் இருந்து ஹோஸ் போட்டு நானே நனைச்சுக்கிடுவேன் என்றார் அவர். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். கார்? கூடாதுப்பா. ஓட்டோ? கூடாதுப்பா. ஸ்கூட்டர்? அதுவும் வேண்டாம். அப்போ சைக்கிள்? உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. களைப்பில் இருந்தாய், சோறு ஆறிக்கொண்டிருந்தது. "சைக்கிள்கூடக் கேறப்பிடாது, போதுமா?" என்றாய். விடாமல் கேட்கிற பிள்ளையின் வாயை அடைக்கிற மாதிரிதான் சொன்னாய். நான் ரசக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். நீ விளையாட்டாகச் சொன்னது எனக்குத் தெரிந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

மறுநாள் காலையில் பால்காரன் சைக்கிளோடு வந்தான். இறக்கித் தோளில் தூக்கு, வரம்பு வழியாகப் போ என்றார். "அண்ணாச்சி, இது ரோடா, ஸ்ரீகோவிலா?" என்று அவன் கேட்டான். "ரெண்டும் ஒண்ணுதான். செருப்பைக் கழட்டு." பாவம், அவன் ஒரு தோளில் சைக்கிளும் மறு கையில் பால் பாத்திரமுமாக வரம்பில் தள்ளாடிக்கொண்டு போனான். ஜங்ஷன் முனையில் இரண்டு தார் டிரம்மின் மேல் நீ தென்னந்தடி போட்டு அடைத்திருந்தாயே, அதில் அவர் தன் பழைய சிவப்புத் துண்டையும் கட்டிவிட்டு வந்தார்.

அந்த நாளைப் பற்றி நீயும் நானும் இதுவரை முழுதாகப் பேசிக்கொண்டதில்லை. நீ பாதிதான் கேட்டாய், நான் பாதிதான் சொன்னேன். மீன மாதத்து வெயில். காலையில் ரோட்டை நனைத்துவிட்டு வந்தவர், சட்டை தொப்பலாக நனைந்திருக்க, முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹோஸ் தண்ணீர் என்று நினைத்தேன், வியர்வை. வாயு பிடிச்சிருக்கு, கொஞ்சம் சுக்குத் தண்ணி போடு என்றார். போட்டுக்கொண்டு வருவதற்குள் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓட்டோக்காரன் சஜீவனுக்குப் போன் செய்தேன். பறந்து வந்தான். அவனும் ஜங்ஷனில் நின்ற இன்னொருவனும் சேர்ந்து தென்னந்தடியைத் தூக்குவது முற்றத்தில் இருந்தே தெரிந்தது. அதுவரை குனிந்து உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்கினார்.

"வேண்டாம்டே. கேத்தாதே. அது மகனுக்க ரோடு."

அங்கே இருந்து சஜீவன் கத்தினான்: "அண்ணாச்சி, ரோடு பின்னே செரியாக்காம். ஆளு போனா பின்னே எந்து செய்யும்?"

"ஆளு எங்கேயும் போவலை. நான் நடந்து வருகேன்."

எழுந்துவிட்டார் மக்கா. நான் கையைப் பிடித்தேன், உதறவில்லை, என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வரம்புப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் உனக்குப் போன் போட்டேன். நீ சிட்டியில் மண் பரிசோதனைக்குப் போயிருந்தாய். நான் வார்த்தையை முடிக்கவில்லை, நீ அலறினாய்: "கேத்தச் சொல்லும்மா, ரோடு போட்டும், நாசமாப் போட்டும், வண்டியைக் கேத்தச் சொல்லு." போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். நீ சொன்னதை எல்லாம் அவர் கேட்டார். இது உனக்குத் தெரிய வேண்டும். நீ சொன்னது அவர் காதில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்து, வலியோடுதான், சிரித்தார். "அவன் அப்படித்தான் சொல்லுவான். நமக்காகச் சொல்லுகான்" என்றார். நீ பாலிடெக்னிக்கில் பாசான அன்றைக்கு ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் சொல்லிக்கொண்டு வந்தாரே, அதே முகம்.

பாதி வரம்புவரை நடந்தார். நான் பின்னாலேயே அவர் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். "வரம்பில் முள் கிடக்கு, செருப்பைப் போடுங்க" என்று சொன்னேன். நான் அவரிடம் கடைசியாகப் பேசினது அதுதான். அத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, கடைசிப் பேச்சு செருப்பு. நீ வந்து நிற்கிறாயே, அந்த இடத்தில்தான் உட்கார்ந்தார். சஜீவன் ஓடிப்போய் முற்றத்து நாற்காலியை எடுத்து வந்தான், அதில் வைத்து ஜங்ஷன்வரை தூக்கினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நீ நின்றுகொண்டிருந்தாய். உள்ளே கொண்டுபோனவர்கள் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று நீ அந்த டாக்டர் பெண்ணிடம் கேட்டாய். அவள் அப்படிச் சொல்ல முடியாது, தெரியாது என்றாள். நீ திரும்பத் திரும்பக் கேட்டாய். உன் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் தெரியாது என்று சொன்னது பொய்யில்லை. அதைத் தெரிந்தது போல வைத்துக்கொண்டு திரிகிறவன் நீதான்.

அவரைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் ஜங்ஷனில் நின்றபோது நீயே இறங்கிப்போய்த் தென்னந்தடியைத் தள்ளிவிட்டாய். துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டாய். ஏறு என்று கையைக் காட்டினாய். உயிரோடு ஏறமாட்டேன் என்றவர் அப்படித்தான் அந்த ரோட்டின்மேல் வந்தார். நனைந்திருந்த ரோட்டில் இரண்டு சக்கரத் தடம் விழுந்தது. ஊரே அதைப் பார்த்தது. பிறகு நீ ரோலரை வரவிடவில்லை, மேல்வேலையையும் செய்யவில்லை. சுண்ணாம்பு தன் பாட்டுக்கு இறுகிவிட்டது, தடமும் அதனோடு சேர்ந்து இறுகிவிட்டது. இப்போது மழை பெய்தால் அந்த இரண்டு கோட்டில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. மற்ற இடமெல்லாம் ஒரு வெடிப்பு இல்லை, ஒரு குழி இல்லை. உன் வேலை நன்றாக வந்திருக்கிறது, மக்கா. இதைச் சொல்ல இங்கே ஆள் இல்லாமல் போயிற்று, அதனால் நான் சொல்கிறேன்.

பதினாறு கழிந்த அன்று, விருந்தாட்கள் போனபிறகு, நீ முற்றத்தில் உட்கார்ந்து சொன்னாய்: "ஓட்டோ ஏறியிருந்தா ஒரு தடம் விழும்மா. அவ்வளவுதான். ரோலரை ஒருக்கா உருட்டினாப் போயிரும். நான் அதை அப்பாகிட்ட சொல்லல. மழைக்கு முன்னே முடிக்கணும்னு அவசரத்துல ரோடு முழுக்க ஒரே மட்டுக்கு அடைச்சேன். பாதிப் பாதியாப் போட்டிருந்தா வண்டி வர வழி இருந்திருக்கும்." நான் அப்போது உன்னைத் தேற்றவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். ஒரு தடம்தானா? ரோலரை உருட்டினால் போகிற ஒரு தடத்துக்காகவா என் மனிதர் அந்த வெயிலில் வெறுங்காலோடு நடந்தார்? அன்று முதல் உன்மேல் எனக்கு ஆத்திரம்தான். நீ வரும்போதெல்லாம் சோறு போட்டேன், பேச்சைக் குறைத்துக்கொண்டேன். நீ அதைப் புரிந்துகொண்டுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாய் என்று நினைக்கிறேன்.

உன்மேல் தப்பே இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பமாட்டேன். வழி விடாமல் அடைத்தது தப்பு. வாயை அடைக்க ஒரு சொல் சொன்னது தப்பு. ஆனால் நீ அவர் பக்கத்தில் இல்லாதபோதும், ரோடு நாசமாகப் போகட்டும் என்று ஒரு நொடி யோசிக்காமல் சொன்னவனும் நீதானே. அவர் அதைக் கேட்டார். கேட்ட பிறகும் வரம்பில் காலை வைத்தது அவர். அந்தப் பிடிவாதத்தை நீ உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே. அது அவருடையது. கல்லாற்றுக்கு மேலே அத்தனை பேரை மழையில் இறக்கிவிட்டாரே, அங்கேயும் அதே பிடிவாதம்தான். அதோடுதான் நான் குடும்பம் நடத்தினேன், அதை உனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். தப்பு செய்தவன் வேறு, கொன்றவன் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே.

உனக்குக் கீழே வேலைசெய்ய இனியும் ஆட்கள் வருவார்கள், ஓமானிலும் வருவார்கள். ஒன்றைச் செய்யாதே என்று சொல்லும்போது ஏன் என்றும் சொல்லு. எது வந்தால் அதை மீறலாம் என்றும் சொல்லு. உன் சொல்லில் பாதியைக் கழித்துக் கேட்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் கழிக்காமல் கேட்கிற ஒருத்தர் எங்கேயாவது இருப்பார், உன்மேல் அதிகப் பிரியம் உள்ளவராகவும் அவர்தான் இருப்பார். மீனுவிடம் பேசும்போதும் இதை நினைத்துக்கொள். அவளுக்கும் தாத்தாவின் காதுதான் வாய்த்திருக்கிறது. ரோடு ஆளைத் தின்னும் என்றால் அப்படியே எடுத்துக்கொள்கிறாள்.

இப்போது நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன், இதை நீ வரம்பு வழியே வருவதால் பார்த்திருக்க மாட்டாய். நம் கேட்டோடு உன் ரோடு நின்றுபோயிற்று. அதற்கு அந்தப் பக்கம் பழைய களிதான், கோடை மழைக்கே முழங்கால்வரை பொதிகிறது. தங்கப்பனுக்கு மூத்திரக்காய் கெட்டுப்போயிற்று. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஓட்டோ அவர் வீட்டுக்குப் போகாது. மகன்கள் இரண்டு பேரும் நாற்காலியில் வைத்து நம் கேட்வரை தூக்கி வருகிறார்கள், இங்கே இருந்து சஜீவன் உன் ரோட்டில் ஏற்றிக்கொண்டு போகிறான். போன வாரம் சேற்றில் வழுக்கி அவர்கள் நாற்காலியின் கால் ஒடிந்தது. மூத்தவன் வந்து, "அக்கா, நாற்காலி ஒண்ணு இருக்குமா?" என்று கேட்டான். நம் வீட்டில் வெளியே போடுகிற நாற்காலி எது என்று உனக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்தேன். கேட் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைத் தாண்டிப் போகும்போது தங்கப்பன் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். உடம்பில் ஒன்றும் இல்லை, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. "வெத்தலையும் பாக்கும் எங்க பக்கத்துக்கு எப்பம் வரும்னு மகன்கிட்ட கேட்டியளா?" என்றார். நான் சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது. அவரும் அழுதார். மகன்கள் இரண்டு பேரும் சுமையோடு அப்படியே நின்றார்கள்.

உன் கண்ட்ராக்டரும் ஒரு நாள் வந்தார். நீ வரப்போவதில்லை என்றால் வேறு ஆளை வைத்து மீதிக்குச் செம்மண்ணும் ஜல்லியும் தட்டிவிட்டு முடிப்பாராம். சுண்ணாம்பு மூட்டை மீதி நம் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது, ஈரக்காற்று பட்டால் வீரியம் போய்விடும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இடவப்பாதி மழை தொடங்க இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறது. ஓமானுக்குப் போகாதே என்று சொல்லமாட்டேன். உன் பிழைப்பு, உன் குடும்பம். அங்கே உள்ளவர்களிடம் கொஞ்சம் தவணை கேட்டுப் பார். மீதியைப் போட்டுவிட்டுப் போ. நீ சொன்னாயே, பாதிப் பாதியாக, அப்படிப் போடு. ஒரு பக்கம் ஈரத்தில் இறுகட்டும், மறு பக்கம் தங்கப்பன் போய்வரட்டும். தண்ணீர் நான் தெளிக்கிறேன். எனக்கு இன்னும் ஹோஸ் பிடிக்கத் தெம்பு இருக்கிறது. நம் பக்கத்திலும் மேல்வேலையை முடித்துத் தாரைப் போடு. அந்த இரண்டு தடத்தையும் மூடிவிடு. மீனு அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள், வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டாம். காலையில் கேட்டைத் திறந்தால் முதலில் அதுதான் தெரிகிறது.

முடியாது, அந்த மண்ணைத் தொட உனக்குக் கை வரவில்லை என்றால் அதையும் புரிந்துகொள்வேன். உன் அப்பாவின் சட்டை அந்தக் கொடியிலேயே கிடக்கிறது, எனக்கும் அதை எடுக்கக் கை வரவில்லை. ஆனால் போவதற்கு முன்னால் ஒரு தடவை வீட்டுக்கு வருவாய் அல்லவா. வரம்பு வழியே வந்தால் கதவைத் திறக்கமாட்டேன் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். நான் ரோஷக்காரி, செய்யக்கூடியவள்தான். எழுதி வரும்போது மனசு மாறிவிட்டது. ஏறாதே, வராதே, கூடாது என்று இந்த வீட்டில் இனி ஒருத்தரும் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். நீ எந்த வழியாக வந்தாலும் கதவு திறந்துதான் இருக்கும். சஜீவனிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் ஜங்ஷனில் நிற்பான், உன்னிடம் ஒன்றும் பேசமாட்டான், பேசாதே என்று சொல்லியிருக்கிறேன். காரை விட்டுவிட்டு அவன் வண்டியில் ஏறி உட்கார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாவது வா. ரோடு கொஞ்சம்தான், சீக்கிரம் வந்துவிடும். வண்டி நின்றதும் கண்ணைத் திற, நான் நின்றுகொண்டிருப்பேன்.

அம்மா